ஓகே சொன்ன பிறகு மாற்றம் இல்லை

நீங்கள் வாய் திறந்து சொல்வதற்கு முன்னாலேயே வேலையை முடித்து வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்று, சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, டீயும் குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிற கம்ப்யூட்டர் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றால், நீங்கள் எதை எடுப்பீர்கள்? அவசரப்பட வேண்டாம். செவக்காட்டூர்க்காரர்கள் யோசிக்காமல்தான் பதில் சொன்னார்கள். மாரிக்கனியும் சொன்னாள், அதுவும் கட்டம் போட்டு, மார்க் போட்டு, தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்.

செவக்காட்டூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக் கடைக்கும் புரோட்டா கடைக்கும் நடுவில் இருக்கிறது எடிசன் அண்ணாச்சியின் ஃப்ளெக்ஸ் கடை. ஊரில் ஒரு பெண்பிள்ளை சடங்கானாலும், கல்யாணம் முடிவானாலும், கோயிலில் கொடைவிழா என்றாலும், ஆள் செத்தாலும், முதல் போன் பந்தல்காரருக்குப் போகும், இரண்டாவது போன் இந்தக் கடைக்கு வரும். அங்கே டிசைன் செய்கிறவள் மாரிக்கனி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் போனவள், வயது இருபத்தேழு, கவிநிலா என்று நாலு வயதில் ஒரு மகள், புருஷன் சுடலைமணி வடக்கே பாஷை தெரியாத ஊரில் முறுக்குக் கம்பெனியில் மாவு பிசைகிறான். போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டவர்களுக்கு அவள் கண்ணைத் திறந்துவிடுவாள், வேட்டி தவிர எதுவும் கட்டாதவர்களுக்குக் கோட்டு மாட்டிவிடுவாள், ஐந்து தாய்மாமன்களை ஒரே பேனரில் யாரும் யாரையும்விடச் சின்னதாகத் தெரியாதபடி நிறுத்துவாள். இந்தக் கடைசி வேலை ஊரில் வேறு யாருக்கும் வராது.

பிரிண்ட் போடுவதற்கு முன்னால் புரூப் என்று ஒன்று, அதாவது பேனர் இப்படித்தான் வரும் என்று காட்டுகிற படம், வாடிக்கையாளர் போனுக்குப் போகும். அவர் பார்த்து ஓகே சொல்ல வேண்டும், அல்லது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற அந்தப் படத்தையாவது அனுப்ப வேண்டும். ஒரு தடவை ஓகே சொல்லிவிட்டுப் போன ஒருத்தர், பிரிண்ட் ஆனபிறகு மச்சானை எடு என்று சண்டைக்கு நின்றதால், மாரிக்கனியே ஒரு போர்டு எழுதிச் சுவரில் மாட்டினாள்: "புரூப் பார்த்து ஓகே சொன்ன பிறகு மாற்றம் இல்லை."

முகூர்த்த மாதத்தில் பழைய கம்ப்யூட்டர் புகைந்து செத்தது. திருநெல்வேலி டீலர் இரண்டு புதுப் பெட்டிகளை அனுப்பி வைத்தார். ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. மானிட்டர் ஒரே மாதிரிதான், மெமரி ஒரே அளவுதான், உள்ளே இருக்கிற பிராசசர் மட்டும் வேறே வேறே. "ஒரு மாசம் ரெண்டையும் ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி, புடிச்சத வச்சுக்கிட்டு மத்தத பார்சல் போட்டுருங்க" என்றார்.

"எம்மா மாரி, மூணு விஷயம் பாக்கணும்" என்றார் எடிசன். "கேம் எப்படி ஓடுது, வேலை எப்படி நடக்குது, குடுக்குத காசுக்குத் தகுமா. மூணுக்கும் கட்டம் போட்டு மார்க் எழுதிரு."

"கேமுக்கு யாரு அண்ணாச்சி மார்க் போடுதது? எனக்கு அது தெரியாதே."

"அத நான் பாத்துக்கிடுதேன்."

தெரியும் அவளுக்கு. நாற்பத்தாறு வயதில், மூன்று பிள்ளைகள் இருந்தும், மத்தியானச் சோறு தின்றதும் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் எதிரிகளைச் சுடாவிட்டால் அவருக்கு அன்றைக்குச் செரிமானம் ஆகாது.

மஞ்சப்பெட்டியில் சுட்டார். எதிரி ஒளிந்தான், ஓடினான், திருப்பிச் சுட்டான், அண்ணாச்சி எட்டு தடவை செத்து ஒன்பதாவது தடவை ஜெயித்தார். பெட்டி தகதகவென்று சுட்டது, மாரிக்கனி தன் சாம்பார் டப்பாவை அதன் தலையில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டாள். அடுத்த நாள் கருப்புப்பெட்டி. ஆட்டம் திறந்தது, திறந்த கையோடு 'வெற்றி' என்று காட்டியது. அவர் துப்பாக்கியையே எடுக்கவில்லை. முதல் நாள் சிரித்தார், இரண்டாவது நாள் மனைவியை அழைத்துக் காட்டினார், மூன்றாவது நாள் தன் பேர் மேலே மினுமினுப்பதைப் பார்த்துக்கொண்டு, யாரோ சாப்பாட்டு இலையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் கருப்புப்பெட்டி, யாரும் கேட்காத ஒரு பூப்புனித நீராட்டு விழாப் பேனரை முடித்து வைத்திருந்தது. அண்ணாச்சி வந்து நெட்டைப் போட்டதும், புரூப் தானாகவே பெண்ணின் தாய்மாமனுக்குப் போய்விட்டது. அவர் கடைக்கு வந்து நின்றார்.

"எம் மருமவளுக்கு இன்னும் சடங்காகலையே தாயி."

"நான் செய்யல மாமா. பெட்டி செஞ்சிருக்கு."

"அது சரி. எங்க மச்சான் போட்டோவ எதுக்கு இவ்ளோ பெருசா வச்சிருக்கு? அதக் கொஞ்சம் சுருக்கிரு. மத்தபடி ஓகே."

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் தெருவில் குலவைச் சத்தம் கேட்டது. பேனரில் பெண் கட்டியிருந்த மாம்பழ நிறப் பட்டுப் பாவாடை அப்போது எந்த வீட்டிலும் இல்லை. பேனர் பொய்யாகிவிடக் கூடாதே என்று அவள் அம்மா மூன்று கடை ஏறி இறங்கி அதே நிறத்தில் தேடி வாங்கினாள். நிறம் ஒரு பொட்டு கூடிப்போய்விட்டது என்று மட்டும்தான் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் கல்யாணங்கள் வந்தன, காதுகுத்து வந்தது, புதுவீடு பால்காய்ப்பு வந்தது, எல்லாம் சொல்வதற்கு முன்னாலேயே வந்தன, சனங்கள் பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்து நிற்கிற பயணிகள் மாதிரி பழகிக்கொண்டார்கள். கருப்புப்பெட்டியில் கைவைத்து எதையும் திருத்த முடியாது, விரல் படுவதற்குள் முடித்து மூடிவிடும். திருத்தம் என்றால் பென்டிரைவில் எடுத்து மஞ்சப்பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும், அது ஃபைலைத் திறக்கவே ஏழு நிமிஷம், அப்புறம் மாரிக்கனியின் கை எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அவ்வளவு நேரம். மஞ்சப்பெட்டியில் திருத்தத்தில் இருக்கிற ஃபைலைக் கருப்புப்பெட்டி தொடாது, யாருக்கும் அனுப்பாது.

பூக்காரி சொர்ணத்தாயின் கண்ணீர் அஞ்சலி அப்படித்தான் வந்தது. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி, மறைவு என்பதற்குக் கீழே வருகிற வெள்ளிக்கிழமை. மகன் போனைக் கொண்டுபோய் அம்மாவிடமே காட்டினான். சொர்ணத்தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எம் மூக்குத்தி எங்கல? மூக்குத்தி இல்லாம நான் என்னைக்கு இருந்தேன்?"

திருத்தம் எழுதிக்கொண்டாள் மாரிக்கனி. முகூர்த்த வேலை குவிந்து கிடந்ததால் அது அப்படியே கிடந்தது, வெள்ளிக்கிழமை வந்து போனது, சொர்ணத்தாய் எப்போதும் போல உட்கார்ந்து கதம்பம் கட்டினாள். மூன்று நாள் கழித்து, ஏழு கல் மூக்குத்தியை ஒவ்வொரு கல்லாக மாரிக்கனி வரைந்து முடித்ததும், புதுத் தேதியோடு புரூப் போனது. சொர்ணத்தாய் பார்த்தாள், "இப்பத்தான் நான் நானா இருக்கேன்" என்றாள், மகன் கையிலிருந்து போனை வாங்கித் தானே கட்டைவிரலை அமுக்கினாள். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் போய்விட்டாள்.

அப்போதுதான் ஊருக்கு விளங்கியது, ஓகே சொல்கிறவரை ஆள் சாவதில்லை என்று. எந்தச் சாமியிடமும் இல்லாத ஒரு வழி எடிசன் கடைச் சுவரில் எழுதி மாட்டியிருந்தது. சிலர் போனை அணைத்து வைத்துப் பார்த்தார்கள், புரூப் அடுத்த பங்காளி போனுக்குப் போனது. பெட்டியை உடைத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் முகூர்த்தம் முடியட்டும் என்றிருப்பார்கள்.

மில்லுக்காரர் தர்மலிங்கத்தின் புரூப் வந்த அன்றைக்கே அவருடைய மூன்று மகன்களும் கடையில் வந்து நின்றார்கள். அப்பாவுக்கு மீசை இன்னும் கறுப்பு என்றான் மூத்தவன். பெரியம்மா வீட்டு ஆட்கள் பேர் விட்டுப்போச்சு என்றான் நடுவுள்ளவன். பின்னால் மில் தெரியணும், அதுவும் பழைய மில் தெரியணும் என்றான் இளையவன். ஊர் எண்ணிக்கொண்டே இருந்தது. மூத்தவன் பதினாலு திருத்தம், நடுவுள்ளவன் ஒன்பதுதான், அவன் பெண்டாட்டி அப்படி என்று புரோட்டா கடையில் பேசினார்கள். தர்மலிங்கமும் தினமும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாரிக்கனி தன்னைத் திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மெதுவாச் செய் தாயி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"எனக்கும் இல்ல மாமா. இந்தப் பெட்டிக்குத்தான் எதுலயுமே அவசரமில்ல" என்பாள் அவள், அவர் சிரிப்பார்.

இரண்டு வாரம் ஓடியது. கடைசியில் மகன்களுக்குச் சொல்லத் திருத்தம் கிடைக்கவில்லை. மில்லைப் பாகம் பிரிக்கிற பேச்சு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது, ஓகே சொன்னால் ஊர் காறித்துப்பும், சொல்லாவிட்டால் நாளைக்கும் வந்து நிற்க வேண்டும். இதே சங்கடம் ஊரில் பத்து வீட்டில் இருந்தது. ஒரு நாள் நடுவுள்ளவன், அப்பா பக்கத்தில் இருப்பதை மறந்து, "அண்ணாச்சி, இந்த மஞ்சப்பெட்டி என்னைக்குப் பார்சல் போகுது?" என்று கேட்டான்.

தர்மலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துவிட்டுப் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தார். மாரிக்கனி மவுஸைப் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், மீசையில் ஒரு முடியை வெள்ளையாக்கி, மறுபடி கறுப்பாக்கினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி, "எங்கம்மா அந்த மார்க்?" என்று கேட்டார். கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, நியாயமாகவே எழுதினாள். வீட்டில் இரண்டு குழந்தைக்கு லட்டு பங்கு வைக்கிறவள் மாதிரி, ஒரு பக்கமும் சாயாமல் எழுதினாள். விளையாட்டு: மஞ்சளுக்கு ஒன்பது, கறுப்புக்கு இரண்டு, ஜெயிக்கிறது ஆனால் விளையாட விடுவதில்லை. வேலை: மஞ்சளுக்கு நாலு, கறுப்புக்குப் பத்து. விலைக்குத் தகுமா: மஞ்சள் விலை குறைவு, ஆனால் சூடு, கரண்ட், தாமதம், ஆகவே ஐந்து, கறுப்பு ஒரு தாள்கூட வீணாக்கவில்லை, ஆகவே எட்டு. கூட்டிப் பார்த்தாள். பதினெட்டு, இருபது.

அண்ணாச்சி வாங்கிப் படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூன்றாவது கட்டத்தின் கீழே, சின்ன எழுத்தில், 'ஆள் சம்பளம் மிச்சம்' என்று சேர்த்தார். எட்டை அடித்துப் பத்தாக்கினார்.

"அண்ணாச்சி."

"என்னம்மா?"

"அந்த ஆளு நான்தான்."

"நான் என்னம்மா செய்ய? மார்க்கு நீ போட்டதுதான." அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அஞ்சாறு நாள் இருக்கு பார்சல் போக. அதுவரைக்கும் வா."

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவள் ஷட்டரைத் தூக்கினாள். நெட் இன்னும் போடவில்லை. கருப்புப்பெட்டி ராத்திரி முடித்து வைத்திருந்த ஃபைல்கள் நாலு. கிரகப்பிரவேசம் ஒன்று, கல்யாணம் இரண்டு. நாலாவதில் அவள் இருந்தாள். கல்யாண போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த முகம், சுடலைமணியின் தோள் ஓரமாய்க் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணீர் அஞ்சலி. தோற்றம், அவள் பிறந்த தேதி. மறைவு, அடுத்த மாதம் பத்தாம் தேதி. வாடிக்கையாளர் போன் என்ற இடத்தில் சுடலைமணியின் நம்பர். கீழே துயருறும் குடும்பத்தார் வரிசையில் எல்லார் பேரும் இருந்தது, கவிநிலா பேர் மட்டும் இல்லை.

அவள் கை அதுபாட்டுக்குப் பென்டிரைவைச் செருகி, ஃபைலை மஞ்சப்பெட்டிக்குக் கொண்டுபோய், ஏழு நிமிஷம் காத்திருந்து, தோள் ஓரத்தை வெட்டித் துடைத்து, கவிநிலா பேரைச் சேர்த்து, எழுத்தின் அளவையும் மற்றவர்களோடு சமமாக்கிவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம். முடித்த பிறகுதான், இருந்ததிலேயே பெரிய தப்பைத் தானே திருத்திக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அந்த ஒரு தப்பை வைத்துக்கொண்டு மகள் பள்ளிக்கூடம் முடிக்கிறவரை இழுத்திருக்கலாம்.

அடுத்த ஐந்து நாளும் அவள் தன்னைத்தான் திருத்தினாள். சேலையில் பூ போட்டாள், பூவை எடுத்துவிட்டுக் கரை போட்டாள், பொட்டைச் சின்னதாக்கினாள், மல்லிகையை ஒவ்வொரு மொட்டாக வரைந்தாள். தர்மலிங்கம் எதிர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மெதுவா" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பார்சல்காரன் வந்தான். மஞ்சப்பெட்டியை அட்டையில் வைத்து, டேப் சுற்றி, ஆட்டோவில் ஏற்றினான். அதன் தலையில் சாம்பார் டப்பா வைத்த வட்டம் ஒன்று படிந்திருந்தது, மாரிக்கனி அதைத் துடைக்கவில்லை. எடிசன் அண்ணாச்சி அந்த மாதச் சம்பளத்தையும், கவிநிலாவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் கொடுத்தார்.

அதில் திருத்தத்தில் கிடந்த ஃபைல்களை இனிமேல் கருப்புப்பெட்டியே ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தியது. மத்தியானம் தர்மலிங்கத்தின் மகன்கள் வாட்ஸப்பில் புரூப் பார்த்தார்கள். நெற்றியில் திருநீறு வேண்டும் என்று எழுதினான் மூத்தவன், எழுதி முடிப்பதற்குள் திருநீற்றோடு வந்தது. சட்டை வெள்ளை வேண்டும் என்றான், வெள்ளையாக இருந்தது. பேரப் பிள்ளைகள் என்று தொடங்கினான், இருந்தார்கள். நாலாவதாகச் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. "நாங்க என்ன செய்ய, சொன்னதயெல்லாம் உடனே செஞ்சு குடுத்துருதே" என்று ஊரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கட்டைவிரலைத் தூக்கினான். அந்தச் சமாதானத்துக்காகத்தான் ஊரே மஞ்சப்பெட்டியை அனுப்பியிருந்தது, ஆகவே யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. பேனர் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார்கள்.

கோயில் கொடைக்கு வந்திருந்த சுடலைமணிக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி பஸ். ஜன்னலோரத்தில் இடம் பிடித்துப் பையை மடியில் வைத்துக்கொண்டான். கவிநிலா பிஸ்கட்டோடு கீழே நின்றாள். எதிரே ஃப்ளெக்ஸ் கடையில் அண்ணாச்சி, பாதி ஷட்டருக்குப் பின்னால், ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெட் போட்டிருந்தது, மேசையில் அதன் விளக்கு எரிவது தெரிந்தது.

சுடலைமணி நல்லவன். குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான், மாதா மாதம் பணம் அனுப்புவான். ஒரே ஒரு பழக்கம். கையெல்லாம் மாவு, போனை எடுத்துப் படிக்க நேரம் கிடையாது, ஆகவே மாரிக்கனி எது அனுப்பினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், ரேஷனில் பருப்பு வரவில்லை என்றாலும், மாவு ஒட்டிய கட்டைவிரலால் அந்தக் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவான். அவன் எடுக்காவிட்டால் புரூப் அவன் அண்ணன் போனுக்குப் போகும், தம்பி பெண்டாட்டி வேலைக்குப் போவது அந்த மனுஷனுக்கு ஆகாது, அவர் ஒருதரம்கூட யோசிக்க மாட்டார்.

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். மாரிக்கனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க, எடிசன் அண்ணாச்சி கடை நம்பர்ல இருந்து உங்களுக்கு ஒரு போட்டோ வரும். வந்தா அந்த வெரலத் தட்டிராதீங்க."

"என்ன போட்டோ?"

"எம் போட்டோ. நல்லா இல்லன்னு எழுதுங்க. உடனே வேற வரும், அதுவும் நல்லா இல்லன்னு எழுதுங்க."

"ஏட்டி, உம் போட்டோ என்னைக்கு நல்லா இல்லாம இருந்துச்சு?" என்று சிரித்தான் அவன். ஊருக்குப் போகிற நேரத்தில் பெண்டாட்டியிடம் சொல்ல அவனுக்குக் கிடைத்த ஆசை வார்த்தை அது. மடியில் போன் ஒருதரம் அதிர்ந்தது, பேச்சு சுவாரஸ்யத்தில் கட்டைவிரல் அதன் பக்கம் போயிற்று. பஸ் நகர ஆரம்பித்தது. அவள் கம்பியை விடாமல் கூடவே நடந்தாள், சிரித்த முகமாகவே நடந்தாள், பிள்ளை பார்க்கிறதே.

"நல்லா இருந்தாலும் நல்லா இல்லன்னு சொல்லுங்க. எத்தன தடவ வந்தாலும் சொல்லுங்க. கவிநிலா பெருசாகுத வரைக்கும், தயவுசெஞ்சு, நான் நல்லா இல்லன்னே சொல்லிக்கிட்டு இருங்க."